சுயஅறிக்கை ஆய்வு: மட்டக்களப்பு, அம்பாறையில் களத்துக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டு படிப்பவர்கள், உளவளத்துணை டிப்ளோமா செய்கிறவர்கள், நிறுவனங்களுக்காகத் தரவு சேர்க்கிறவர்கள் என்று பலரும் வினாக்கொத்தோடு நமது ஊர்களுக்குள் இறங்குகிறார்கள். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். புள்ளிவிபரக் கணக்குகளைப் பாடநூல்கள் நன்றாகவே சொல்லித் தருகின்றன. அதனால் வாசற்படியிலும் திண்ணையிலும் நடப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

சுயஅறிக்கை முறை என்றால் சரியாக என்ன?

ஒருவருடைய மனநிலை, எண்ணம், பழக்கம், அனுபவம் பற்றி அவரிடமே கேட்டு, அவர் சொல்வதையே தரவாக எடுத்துக்கொள்வது. வினாக்கொத்து, நேர்காணல், நாட்குறிப்பு, தொலைபேசியில் ஒரே நாளில் பல தடவை கேட்டுப் பதிவது எல்லாமே இதற்குள் அடங்கும். வகுப்பறையில் பின்வாங்கில் இருந்து பிள்ளைகளை அவதானிப்பதும், இரத்த அழுத்தம் அளப்பதும், பாடசாலை வரவுப் பதிவேட்டைப் பார்ப்பதும் இதற்கு வெளியே.

இம்முறைக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. முதலாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் ரொபர்ட் வூட்வேர்த் படைவீரர்களுக்காக ஆம், இல்லை என்று பதில் சொல்லும் ஒரு வினாக்கொத்தைத் தயாரித்தார். "முற்றாக உடன்படுகிறேன்" என்பதில் தொடங்கி "முற்றாக உடன்படவில்லை" வரை போகும், நீங்கள் எல்லோரும் பாவிக்கிற அளவுகோலை ரென்சிஸ் லிக்கேர்ட் 1932இல் வெளியிட்டார்.

ஆட்கள் உண்மையைத்தான் சொல்வார்கள் என்று எப்படி நம்புவது?

இந்தக் கேள்வி எல்லாரிடமிருந்தும் வரும். வர வேண்டிய கேள்விதான்.

1930க்கும் 1932க்கும் இடையில் ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் ஓர் இளம் சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுவதும் பயணம் செய்தார். சீனர் மீது வெறுப்பு அதிகமாக இருந்த காலம் அது. அவர்கள் ஏறி இறங்கிய 251 ஹோட்டல்கள், சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றே ஒன்றுதான் இடமில்லை என்றது. ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு "சீனர்களை ஏற்பீர்களா?" என்று கடிதம் எழுதினார். 128 இடங்களிலிருந்து பதில் வந்தது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மாட்டோம் என்றே எழுதின. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று கதவைத் திறந்துவிட்டவரும் ஒரே ஆளாக இருந்திருக்க வேண்டியதில்லை என்று இந்த ஆய்வைப் பிறகு பலர் விமர்சித்தார்கள். அது நியாயமான விமர்சனம். ஆனாலும் சொல்லுக்கும் செயலுக்கும் இவ்வளவு இடைவெளி விழலாம் என்பதை ஆய்வுலகம் மறக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்ப ஆக்கள் பொய்தான் சொல்லுவினம்" என்ற முடிவுக்குப் போகாதீர்கள். ஒருவரின் பதிலை அவர் மனம் மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் கேட்கிறார், எங்கே கேட்கிறார், பக்கத்தில் யார் நிற்கிறார், பதிலால் என்ன நடக்கும் என்று எண்ணுகிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் பதில் உருவாகிறது. உண்மையைச் சொல்ல இலகுவான ஒரு சூழலை ஆய்வாளர்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். அந்தச் சூழல் எப்படி இருந்தது என்பதை அறிக்கையில் ஒளிக்காமல் எழுதவும் வேண்டும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இதற்கான வழிகள்தான்.

வீட்டில் வைத்துக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் வீட்டில் யார் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

நமது கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பதுதான் வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தாயும் தகப்பனும் அதே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார்கள், சகோதரிமாரும் பக்கத்திலேயே இருப்பார்கள். வெளியூரில் தயாரான குடும்ப அழுத்த வினாக்கொத்தில் "மாமியாருடன் வாழ்வதால் ஏற்படும் பிரச்சினைகள்" என்று ஒரு பகுதி முழுவதும் வரும். இங்கே ஒரு மனைவியிடம் அதைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றுதான் புள்ளடி விழும். குடும்ப அழுத்தம் குறைவு என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். அதே பகுதியை அந்த வீட்டுக்கு வந்த மருமகனிடம் கேட்டிருந்தால் கதை வேறு.

கேட்கும் விதத்தையும் இது பாதிக்கிறது. களுவாஞ்சிக்குடியிலோ காரைதீவிலோ ஒரு வீட்டு விறாந்தையை நினைத்துப் பாருங்கள். கதிரை போட்டு, பிளேன்ரீ வந்து, பிள்ளைகள் சுற்றி நிற்கின்றன. கணவன் குடிப்பதைப் பற்றிய கேள்விக்கு வருகிறீர்கள். அந்தப் பெண் பதில் சொல்ல வாயெடுக்க முதல் குசினிக்குள்ளிருந்து தாய் சொல்கிறார்: "அதெல்லாம் ஒண்டும் இல்ல மகள், நல்ல பிள்ள அவர்." பெண் தலையாட்டுகிறார். அது தாயின் பதில். மகள் குனிந்து கதிரைப் பின்னலில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பதை வினாக்கொத்தில் பதிய இடமில்லை.

இருவராகப் போங்கள். ஒருவர் தாயாரிடமும் பிள்ளைகளிடமும் கதை கொடுக்க, மற்றவர் கிணற்றடிப் பக்கமாகவோ மாமரத்தின் கீழோ தள்ளி இருந்து கேட்கலாம். அதற்கும் வழியில்லையென்றால் அந்தப் பகுதியை அன்று கேட்காமல் விடுங்கள். "தனிமை கிடைக்கவில்லை" என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். பிறர் முன்னால் கேட்டு வாங்கிய "இல்லை"யைவிட ஒரு வெற்றிடம் உங்களுக்குப் பயன்படும்.

"உதவி ஏதும் வருமா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

"வராது" என்று தொடக்கத்திலேயே, தெளிவாக.

2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு கல்லடி, நாவலடியிலும் மருதமுனை, கல்முனை, திருக்கோவில் பக்கங்களிலும் எத்தனையோ நிறுவனங்கள் படிவத்தோடு வந்தன. படிவம் நிரப்பியவருக்கு வீடு வந்தது, வள்ளம் வந்தது, சிலருக்கு ஒன்றுமே வரவில்லை. 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான கணக்கெடுப்பும் வீடு வீடாகக் கேள்வி கேட்டுத்தான் நடந்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு பிள்ளை கோப்போடு வாசலில் வந்து நின்றால், கஷ்டத்தைக் கூட்டிச் சொன்னால் நல்லது என்று ஒருவர் நினைப்பதில் குற்றம் காண முடியாது. அதில் பொய் சொல்லும் எண்ணம் கிடையாது, அனுபவம்தான் அப்படிச் சொல்ல வைக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. யுத்தம் நடந்த தொண்ணூறுகளைக் கடந்து வந்த வீடுகளில் பெயர் எழுதுகிறவரைக் கண்டாலே வாய் அடைத்துவிடும். "ஒரு குறையும் இல்ல மகன்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வரும். அந்த வீட்டில் நீங்கள் அளப்பது பயத்தை.

ஆகவே முதல் இரண்டு நிமிடத்தை அறிமுகத்துக்கு ஒதுக்குங்கள். எந்தப் பல்கலைக்கழகம், எதற்காகக் கேட்கிறீர்கள், பெயர் எழுதப்படாது, பதிலால் எந்தக் கொடுப்பனவும் கூடாது குறையாது என்று சொல்லுங்கள். ஊருக்குள் போகப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுங்கள், ஜீ.எஸ்.க்கு, அதாவது கிராம சேவகருக்கு, அறிவியுங்கள். ஆனால் ஜீ.எஸ்.ஐ வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் நல்லவராக இருக்கலாம், என்றாலும் நிவாரணப் பட்டியல் அவர் கையில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஐந்து புள்ளி அளவுகோலில் எல்லாரும் நடுவிலேயே நிற்கிறார்கள். என்ன செய்வது?

"பரவால்ல" என்பது நமது ஊரில் மரியாதையான பதில். அதுவே மூன்றாம் புள்ளியாகப் பதிவாகிறது.

முதலில் கேள்விகளைக் குறையுங்கள். எழுபது கேள்விக்கு மேல் போனால் எவருக்கும் யோசித்துப் பதில் சொல்லப் பொறுமை இருக்காது. இரண்டாவது, "உடன்படுகிறேன்" வகைக் கூற்றுகளுக்குப் பதிலாக நாட்களை, தடவைகளைக் கேளுங்கள். "நான் அடிக்கடி கவலைப்படுகிறேன், உடன்படுகிறீர்களா?" என்பது படித்தவருக்கே குழப்பம். "போன கிழமையில் எத்தனை நாள்?" என்றால் விரல் விட்டு எண்ணிச் சொல்வார். எழுத வாசிக்கச் சிரமப்படுவோரிடம் பத்துப் புளியங்கொட்டையைக் கொடுத்து, கவலை எவ்வளவோ அவ்வளவை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லலாம். வயதானவர்கள் இதை மிகுந்த கவனத்தோடு செய்வார்கள், ஒரு கொட்டையைத் தள்ளிவிட்டுத் திருப்பி எடுப்பார்கள். அந்தத் தயக்கமே ஒரு தகவல்.

தெரிவுகளை வைக்கும் விதமும் பதிலை மாற்றும். நோர்பர்ட் ஷ்வார்ஸும் கூட்டாளிகளும் ஜெர்மனியில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று கேட்டு 1985இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. குறைந்த நேரங்களில் தொடங்கும் தெரிவுகளைக் கொடுத்தபோது 16.2 வீதமானோர்தான் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் என்றனர். கூடிய நேரங்களைக் கொண்ட தெரிவுகளைக் கொடுத்தபோது அது 37.5 வீதமாகியது. நடுத் தெரிவை எல்லாரும் "சாதாரண ஆள்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பாவிக்கிறீர்கள்?" என்று மாணவர்களிடம் கேட்கப் போகிறவர்கள் தெரிவுகளே வைக்காமல் மணிக்கணக்கை எழுதச் சொல்லுங்கள்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 போன்ற தயாரான கருவியை அப்படியே பாவிக்கலாமா?

பாவிக்கலாம், பார்த்துப் பாவியுங்கள். பி.எச்.கியூ-9 2001இல் வெளியானது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கடந்த இரண்டு கிழமையைப் பற்றிக் கேட்கும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கக்கூடும், மேலும் பார்க்க வேண்டும் என்று கொள்வார்கள். அது நோய் நிர்ணயம் ஆகாது. "இத்தனை வீதமானோருக்கு மனச்சோர்வு நோய்" என்று எழுதாதீர்கள். கட்டணமில்லாமல் பாவிக்க முடியும். மனச்சோர்வுக்கான பெக் அளவுகோல் அப்படியில்லை, அதற்கு உரிமை வாங்க வேண்டும். சிறுவர்களுக்கு ரொபர்ட் குட்மன் 1997இல் தந்த எஸ்.டி.கியூ என்ற, மனநலமும் நடத்தையும் பற்றிய வினாக்கொத்து உண்டு, 25 கூற்றுகள். பிள்ளைகள் தாங்களே நிரப்பும் வடிவம் 11 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்குத்தான். எட்டு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்து நிரப்பச் சொல்வதை நிறுத்துங்கள்.

இனி நமது ஊருக்கு வருவோம். அதே பி.எச்.கியூவில் நித்திரை, களைப்பு, சாப்பாடு பற்றித் தனித்தனிக் கேள்விகள் உண்டு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேளாண்மை விளையும் காலத்தில் ஆண்கள் இரவிரவாக யானைக்குக் காவல் இருப்பார்கள். அவர்களிடம் நித்திரைக்கும் களைப்புக்கும் முழுப் புள்ளி விழும், மனச்சோர்வு இல்லாமலே. நோன்பு மாதத்தில் காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ கேட்டால் சாப்பாடும் நித்திரையும் வழமையாக இராது. தரவு எடுத்த மாதத்தை அறிக்கையில் எழுதுங்கள். முடிந்தால் நோன்புக்கும் அறுவடைக்கும் வெளியே திகதி போடுங்கள்.

கவலையை உடம்பால் சொல்லும் பழக்கமும் நம்மிடம் உண்டு. "மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?" என்றால் இல்லை என்பவர், "ஒரே யோசினை, நெஞ்சு படபடெண்டு அடிக்குது, தலைக்குள்ள விறைக்குது" என்று தானாகவே சொல்வார். கருவியின் கேள்வியை நீங்களாக மாற்றக் கூடாது, ஆனால் இவற்றைத் தனியாக இரண்டு மூன்று கேள்விகளாகச் சேர்த்துக் கேட்கலாம்.

மொழிபெயர்த்தால், முதலாமவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி இரண்டையும் ஒப்பிடுவது நடைமுறை. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் இதைப் பரவலாக்கினார். அது தேவைதான், போதாது. இலக்கு ஆட்களைப் போன்ற ஐந்தாறு பேரிடம் கேள்வியை வாசித்து, "இதில என்னத்தக் கேக்கிறம் எண்டு உங்கட சொல்லில சொல்லுங்க" என்று கேளுங்கள். பிழையான கேள்விகள் அங்கே தானாக வெளியே வரும். முஸ்லிம் ஊர்களுக்கான பிரதியில் வாப்பா, உம்மா, பள்ளிவாசல் என்று இருக்கட்டும். ஒரு கேள்வி தன் வீட்டு மொழியில் வரும்போது ஆள் நிமிர்ந்து உட்கார்வதைக் காண்பீர்கள்.

"எப்போது நடந்தது?" என்றால் யாருக்கும் திகதி நினைவில்லை.

இருக்காது. நினைவு கிடக்கும் முறை அப்படி. முக்கியமான ஒரு நிகழ்வு நடந்த காலத்தைவிடக் கிட்டத்தில் நடந்ததாகத் தோன்றுவதும் வழமை. "கடந்த ஒரு வருடத்தில்" என்று கேட்டால் இரண்டு வருடத்துக்கு முந்தியதும் உள்ளே வந்து விழும்.

இதற்கு நிகழ்வு நாட்காட்டி பாவியுங்கள். ஒரு நீளத் தாளில் ஆட்களுக்குத் தெரிந்த அடையாளங்களைப் போட்டு, அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். நீண்ட காலத்துக்கு 1978 நவம்பர் சூறாவளி, 1990 வன்செயல், 2004 சுனாமி, 2009 யுத்த முடிவு, 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பு, 2020 கொரோனா முடக்கம், 2022 பெற்றோல் வரிசை. ஒரு வருடத்துக்குள் என்றால் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம், பெரும்போக விதைப்பும் வெட்டும், பாடசாலைத் தவணைகள். நோன்பும் ஹஜ்ஜுப் பெருநாளும் வருடத்துக்குப் பதினொரு நாளளவு முன்னால் நகர்வதால் எந்த வருட நோன்பு என்று உறுதிப்படுத்துங்கள்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். கடற்கரை வீட்டில் "சுனாமிக்கு முன்னமா பின்னமா?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அந்தச் சொல்லோடு அந்த வீட்டில் யாரெல்லாம் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. கோயில் சடங்கு, பிள்ளையின் முதலாம் வகுப்பு, வீடு கட்டிய வருடம் இவற்றால் முடிந்தவரை பாருங்கள்.

கூகுள் போம் அனுப்பி வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் போதாதா?

பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றிய ஆய்வென்றால் போதும். "மட்டக்களப்பு மாவட்டப் பெண்கள்" என்று தலைப்பு வைத்துவிட்டு இதைச் செய்தால் உங்கள் நண்பர்களின் நண்பர்கள்தான் கிடைப்பார்கள். வாகரையிலும் பொத்துவில் உட்பகுதியிலும் ஒரு போனை வீடே பாவிக்கும். பதில் எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரியாது, அவர் எழுதியதை இரவு யார் வாசிப்பார் என்பதும் தெரியாது.

நாட்குறிப்பு முறை நமது ஊருக்குச் சரிவருமா?

சரிவரும். எனக்குப் பிடித்த முறையும் இதுதான். மிஹாய் சிக்சென்ட்மிஹாயியும் ரீட் லார்சனும் 1970களில் ஆட்களிடம் பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் அந்தக் கணத்தில் என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்று எழுதச் செய்தார்கள். நினைவை நம்ப வேண்டிய தேவை அதனால் வெகுவாகக் குறைந்தது. 2004இல் டானியல் கானமனும் கூட்டாளிகளும் நேற்றைய நாளைத் துண்டு துண்டாக மீட்டுச் சொல்லவைக்கும் முறையை வெளியிட்டார்கள். பேஜர் இல்லாதவருக்கு அது இலகு.

இங்கே எழுதச் சொல்வதைவிடக் குரல்பதிவு நல்லது. மாலையில் ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு, இரண்டு நிமிடம், இரண்டே கேள்வி. வாழைச்சேனையில் இரவில் கடலுக்குப் போகிறவரிடம் இரவு எட்டு மணிக்குக் கேட்காதீர்கள், கரை திரும்பிய பிறகு கேளுங்கள். ஆசிரியர்களுக்குப் பிற்பகல் இரண்டரைக்குப் பின். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தை விட்டுவிடுங்கள். ஏழு நாளுக்கு மேல் நீட்டினால் பதில்கள் சுருங்கிப்போகும்.

வெட்கமான, சட்டத்துக்கு மாறான விடயங்களை எப்படிக் கேட்பது?

ஸ்டான்லி வோர்னர் 1965இல் தொடக்கிவைத்த முறையின் எளிய வடிவம் இது. பதில் சொல்பவர் உங்களுக்குக் காட்டாமல் ஒரு காசைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் "ஆம்" என்கிறார். பூ விழுந்தால் உண்மையைச் சொல்கிறார். அவர் சொன்ன "ஆம்" காசினாலா உண்மையாலா என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் மொத்தத்தில் கணக்கிடலாம். நூறு பேரில் ஐம்பதளவு "ஆம்" காசினால் வந்தவை. மொத்தம் அறுபது "ஆம்" கிடைத்தால், உண்மை சொன்ன ஐம்பது பேரில் பத்துப் பேர், அதாவது ஏறத்தாழ 20 வீதம். இதற்குப் பெரிய மாதிரி வேண்டும், சில நூறு பேராவது. காசு சுண்டுவதைச் சூதாக நினைக்கும் வீடுகளில் ஒரு பைக்குள் இரண்டு நிற மணிகளைப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

குரோன்பாக் அல்பா 0.70 வந்தால் கருவி சரிதானே?

1951இல் லீ குரோன்பாக் எழுதிய அந்த எண் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும் சொல்லும். நீங்கள் அளக்க நினைத்ததையே அளக்கிறீர்களா என்பதை அது சொல்லாது. சிலர் எல்லாவற்றுக்கும் "பரவால்ல" என்றும் வேறு சிலர் எல்லாவற்றுக்கும் "ஆம்" என்றும் தலையாட்டினாலும் அல்பா கூடுதலாகத்தான் வரும்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது அழுதால்? தற்கொலை எண்ணம் இருக்கிறது என்றால்?

பேனையை வையுங்கள். அழுகை அடங்கும்வரை பக்கத்தில் இருங்கள். தொடர்வதா நிறுத்துவதா என்று அவரிடமே கேளுங்கள். "அடுத்த கேள்வி" என்று போகாதீர்கள்.

பி.எச்.கியூவின் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியும் தன்னைத் துன்புறுத்துவதைப் பற்றியும் கேட்கிறது. அதற்கு 1 என்று பதில் வந்தாலும் அன்றே செய்ய வேண்டியது என்ன என்பது களத்துக்குப் போக முதலே எழுதப்பட்டிருக்க வேண்டும்: உங்கள் மேற்பார்வையாளரின் இலக்கம், அருகிலுள்ள வைத்தியசாலை மனநலப் பிரிவு எது, யார் கூட்டிப்போவது, தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இந்த ஏற்பாடு இல்லாதவர் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதைக் கேட்டபின் தாளை மடித்துக்கொண்டு எழும்பி வருவது, கேட்காமல் இருந்ததைவிடப் பெரிய கொடுமை.

ஒப்பம் வைக்கப் பயப்படுகிறார்கள். வாய்மொழிச் சம்மதம் செல்லுமா?

யுத்தத்தைக் கண்ட ஊரில் தாளில் கையெழுத்து வைக்கத் தயங்குவது இயல்பு. ஒழுக்கநெறிக் குழுவுக்கு இந்தக் காரணத்தை முன்கூட்டியே எழுதி, சாட்சியோடு வாய்மொழிச் சம்மதம் எடுக்க அனுமதி கேளுங்கள். காரணம் தெளிவாக இருந்தால் குழுக்கள் பரிசீலிக்கும். தரவு எடுத்த பிறகு போய்க் கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

நிரப்பிய தாள்களை என்ன செய்வது?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தகவலைத் தனிச் சிறப்பாகக் காக்கப்பட வேண்டிய தரவாகப் பார்க்கிறது. வினாக்கொத்தில் பெயர் வேண்டாம், இலக்கம் மட்டும் போடுங்கள். எந்த இலக்கம் எந்த வீடு என்ற பட்டியலை வேறொரு கோப்பில் பூட்டி வையுங்கள். சின்ன ஊர்களில் "47 வயது, விதவை, மூன்று பிள்ளை, தையல் வேலை" என்று ஆய்வறிக்கையில் எழுதினாலே ஆளைத் தெரிந்துவிடும். ஊரின் பெயரையும் தொழிலையும் பொதுமைப்படுத்துங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவுகளை எழுத்தாக்கியபின் போனிலிருந்து அழியுங்கள், தானாகச் சேமிக்கும் பிரதியையும் சேர்த்து. நிரப்பிய தாள்களைப் போட்டோக் கொப்பிக் கடையில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். அந்தக் கடைக்காரர் அதே ஊர்க்காரர்.